வட மாகாணத்தின் நிலத்தோற்றங்களும் சூழலியற் பிரிவுகளும்: நன்னீரின் இருப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் வட மாகாணம் காலநிலைப் பகுப்பில் 'உலர் வலயம்' என்னும் பொதுப்பெயரால் சுட்டப்படுகிறது. ஆண்டு மழையின் மொத்த அளவை அடிப்படையாகக் கொண்ட இப்பகுப்பு, மழைநீர் தரையைச் சேர்ந்தபின் எங்கே தங்குகிறது என்னும் வினாவுக்கு விடை தருவதில்லை. சுண்ணக்கல், மணல், கடனீரேரி, பளிங்குப்பாறை ஆகிய அடித்தளங்களில் நன்னீர் தங்கும் முறையே இம்மாகாணத்தின் தாவரம், பயிர்ச்செய்கை, குடியிருப்பு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வேறுபாட்டை வட்டாரத் தமிழின் நிலப்பெயர்கள் முன்னரே பதிவுசெய்துள்ளமையும், அவற்றைக் கருதாத நீர்த்திட்டங்கள் எதிர்கொண்ட சிக்கல்களும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வட மாகாணம், உலர் வலயம், சுண்ணக்கல் நீர்ப்படுகை, தரவை, கடனீரேரி, குளத்தொடர், இரணைமடு.

முன்னுரை

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய ஐந்து மாவட்டங்களைக் கொண்ட வட மாகாணம் ஏறத்தாழ 8,880 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இம்மாகாணத்தில் மலை இல்லை. இதனுள் தோன்றும் ஆறுகளுள் ஆண்டு முழுவதும் நீரோடுவதும் எதுவுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே கிடக்கிறது. அதன் தெற்கே விரியும் வன்னிப் பெருநிலப்பரப்பும் மெல்லெனவே உயர்கிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டை நோக்கிப் பழகிய கண்ணுக்கு இது வேறுபாடற்ற ஒரே சமவெளியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழை பெறும் பகுதிகளை உலர் வலயம் என வகுப்பது இலங்கைப் புவியியலில் வழக்கம். அவ்வகுப்பின்படி மாகாணம் முழுவதும் ஒரே நிறத்தால் தீட்டப்படுகிறது. மன்னாரை மட்டும் 'வறள் பகுதி' எனத் தனித்துக் காட்டும் படங்களும் உண்டு. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்துவிடுகிறது. எஞ்சிய எட்டு மாதங்களும் அந்நான்கு மாத நீரின் மிச்சத்தைக் கொண்டே கழிகின்றன. எனவே இங்கு வாழும் உயிர்களுக்கு, எவ்வளவு பெய்தது என்பதைக் காட்டிலும் பெய்தது எங்கே நின்றது என்பதே முதன்மையான வினாவாகும்.

அவ்வினாவுக்கான முதல் விடை பாறையில் உள்ளது. குடாநாடு, தீவகம், மன்னாரை உள்ளிட்ட வடமேற்குக் கரை ஆகியன மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மீது அமைந்தவை. வன்னியின் உட்பகுதி மிகப் பழைய பளிங்குருப் பாறைகளின் மீது அமைந்தது. முன்னது நீரை உறிஞ்சும் இயல்புடையது. பின்னது நீரைத் தன்மேல் ஓடவிடுவது. இவ்விரு பாறைகளின் எல்லையைக் கடக்கும்போது கிணற்றை நம்பிய வாழ்க்கை முடிந்து குளத்தை நம்பிய வாழ்க்கை தொடங்குகிறது எனலாம்.

செம்மண்ணும் கலட்டியும்

வலிகாமத்தின் நடுப்பகுதியில் சுண்ணக்கல்லின் மேல் செம்மண் படிந்துள்ளது. நீர் எளிதில் வடியும் இம்மண்ணில் மழைநீர் தேங்குவதில்லை. கீழிறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளையும் குகைகளையும் சென்றடைகிறது. குடாநாட்டில் ஆறுகள் இல்லாமைக்குக் காரணம் இதுவே. விதிவிலக்காகச் சொல்லத்தக்க வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது.

கீழிறங்கிய நன்னீர், சுண்ணக்கல்லினுள் கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் இரண்டும் உடனே கலந்துவிடாமல், நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் வில்லை வடிவில் நன்னீர் நிற்கிறது. கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு எனப்படும் எளிய கணக்கின்படி, கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கின் மறுபக்கமே கவனத்திற்குரியது. இறைப்பினால் நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், சமநிலை மீளும்போது கீழிருந்து உவர்நீர் 4 மீற்றர் மேலெழும். கிணற்றை எட்டிப் பார்ப்பவர் காணும் இறக்கம் ஒரு சாண் அளவினதுகூட அன்று. இழப்போ காணாத ஆழத்தில் நாற்பது மடங்காக நிகழ்கிறது. சுண்ணக்கல்லின் குகை வழிகள் சீரற்றவை என்பதால் இக்கணக்கு எல்லா இடத்திலும் இம்மியளவும் பிசகாமல் பொருந்தாது எனினும், போக்கை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான வழி இல்லை.

இவ்வமைப்பின் கண்கண்ட சான்று புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு. அதன் மேற்பரப்பு நீர் நன்னீர். ஆழத்திற்குச் செல்லச் செல்ல உவர். வற்றாக் கிணறு என்று அதைப் போற்றும் ஊர்க்கதைகள் பல உண்டு. அது கூரை இடிந்து திறந்துகொண்ட ஒரு சுண்ணக்கல் குகை. கீரிமலை ஊற்று, அதே நிலக்கீழ் நீர் கடலோரத்தில் வெளிப்படும் இடமாகும்.

இந்நீரே செம்மண் 'தோட்ட'த்தை உருவாக்கியது. குடாநாட்டு வழக்கில் வயல் என்பது மழையை நம்பிய நெல்நிலம். தோட்டம் என்பது கிணற்று நீரால் இறைத்துப் பயிரிடும் நிலம். புகையிலை, வெங்காயம், மிளகாய், பின்னர் உருளைக்கிழங்கு என இத்தோட்டங்களின் விளைபொருள்கள் குடாநாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பாயின. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே நீரெடுப்பின் எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்களின் பரவலும், 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் கிடைத்த விலையும் அவ்வெல்லையை நீக்கிவிட்டன.

நீரை விரைந்து உள்வாங்கும் செம்மண், நீரில் கரைந்த அனைத்தையும் உடன் உள்வாங்குகிறது. செயற்கை உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து கிணற்று நீரில் நைத்திரேற்றைப் பெருக்கியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஏற்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. செறிந்த தோட்டப்பகுதிக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்திருப்பதை 1980களிலிருந்து வெளிவந்த நீர்ப்பகுப்பாய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. சுன்னாகம் சுற்றாடல் கிணறுகளில் எண்ணெய்க் கலப்புக் காணப்பட்டு அது 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பொதுப்பிரச்சினையானமைக்கும் இதே நில இயல்பு ஒரு காரணம். வடிகட்டும் ஆற்றல் குறைந்த சுண்ணக்கல்லில் ஓரிடத்துக் கழிவு அவ்விடத்தோடு நிற்பதில்லை.

செம்மண் படியாத இடங்களில் கல்லே மேலே தெரிகிறது. அந்நிலத்தைக் 'கலட்டி' என்பர். தீவகத்தின் மேற்கோரத்து நெடுந்தீவு இதன் முழு வடிவம். மண் குறைந்த புல்வெளிகள், முருகைக்கற்களை அடுக்கிய வேலிகள், கட்டாக்காலிக் குதிரைகள் எனக் குடாநாட்டிலிருந்து வேறுபட்ட காட்சி அங்குண்டு. அத்தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மணல்

வடமராட்சி கிழக்கில் குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி எனத் தொடரும் கரையோரம் மணற்குன்றுகளால் ஆனது. அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் முன்வரிசை மணலைப் பிணைக்கின்றன. அவற்றின் பின்னே தாழையும் பனையும் வருகின்றன. இங்கும் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் வில்லையே. ஆனால் மிக மெல்லியது. ஆழத் தோண்டினால் உப்பைத் தொட நேரும் என்பதை அறிந்த மக்கள் ஆழமற்ற 'துரவு' தோண்டினர். கிணறு, துரவு என்னும் இரு சொற்களும் வெறும் வடிவ வேறுபாட்டைக் குறிப்பன அல்ல. கீழே இருப்பது கல்லா மணலா, எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்னும் அறிவை அவை உட்கொண்டவை. வேலணைத் தீவின் சாட்டியில் மணலுக்குள் தங்கிய நன்னீர் அயல் ஊர்களுக்கும் குடிநீராகப் பயன்பட்டுவந்தமை இவ்வறிவின் பயனே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இக்கரையோரமும் முல்லைத்தீவும் பேரழிவைச் சந்தித்தன. கரையோரக் கிணறுகளும் உவராயின. மணற்குன்று கடலைத் தடுக்கும் அணையாகவும் மழைநீரைத் தாங்கும் தொட்டியாகவும் ஒருங்கே நிற்பது. கட்டடத் தேவைக்காக மணல் அகழ்வோர் எடுத்துச்செல்வது இவ்விரண்டையுமே.

கடனீரேரியும் தரவையும்

குடாநாட்டைப் பெருநிலப்பரப்பிலிருந்து பிரிப்பதும் அதனுள் விரல்களாக நுழைவதும் கடனீரேரிகள். யாழ்ப்பாணக் கடனீரேரி, உப்பாறு, வடமராட்சிக் கடனீரேரி, ஆனையிறவு–சுண்டிக்குளம் நீர்ப்பரப்பு ஆகியன வடக்கிலும், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகியன கிழக்குக் கரையிலும் உள்ளன. ஆழம் குறைந்த இவை மாரியில் நன்னீர் கலந்து உவர்ப்புத் தணிகின்றன. கோடையில் கடல்நீரினும் மிகுந்த உப்புடையனவாக மாறுகின்றன. ஓராண்டிற்குள் இத்தகைய இரு எல்லைகளையும் தாங்கும் உயிர்களே இங்கு நிலைக்கின்றன. கண்டல் மரங்கள், கடற்புற்கள், இறால், நண்டு, அவற்றைத் தேடிவரும் வலசைப் பறவைகள் என ஓர் உணவுவலை இம்மாற்றத்தையே ஆதாரமாகக் கொண்டுள்ளது. சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டமை இதனாலேயே.

கடனீரேரியின் விளிம்பில் மாரியில் நீர் நிற்பதும் கோடையில் உப்புப் பூப்பதுமான தட்டைநிலம் 'தரவை' எனப்படும். அரச நில வகைப்பாட்டில் இது பெரும்பாலும் பயன்படாத நிலமாகவே எண்ணப்படுகிறது. ஊர் வழக்கிலோ தரவை மேய்ச்சல் நிலம். மாரி வெள்ளம் கடலுக்குச் செல்லுமுன் தணிந்து நிற்கும் இடம். பயன்படாதது எனும் சொல் எவருடைய பயனைக் கருதியது என்று கேட்கத் தோன்றுகிறது. அண்மைக்காலத்தில் ஆழமற்ற நீர்ப்பரப்புகளில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியமையும், அவை கடற்புற்படுகையையும் சிறுதொழில் மீனவரின் இறங்குதுறைகளையும் அடைக்கின்றன என்ற முறையீடுகளும் இதே வினாவை நீருக்குள் எழுப்பியுள்ளன.

கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கும் எண்ணம் நெடுங்காலத்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் அதன் முதிர்ந்த வடிவம். கனகராயன் ஆற்றின் வெள்ளம் வீணே கடலைச் சேராமல் ஆனையிறவு நீர்ப்பரப்பின் வாய்களை அடைத்துத் தேக்குவது, அந்நீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்வது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் உவர்நீரைத் தடுப்பது என்பன அதன் கூறுகள். பணிகளில் ஒரு பகுதி நிறைவேறியது, முழுமை பெறவில்லை. நிலக்கீழ் நன்னீர் வில்லையை ஓரங்களிலிருந்து தடிக்கச் செய்யும் என்ற அளவில் திட்டத்தின் நீரியல் தருக்கம் வலுவானது. எனினும் கடனீரேரியைக் குறையுற்ற ஒரு குளமாகக் கண்ட நோக்கு அதில் உண்டு. உவர்ப்பின் ஏற்ற இறக்கத்தில் வாழும் இறாலுக்கும் அதனால் வாழும் மீனவருக்கும் அவ்வரைபடத்தில் இடம் வகுக்கப்படவில்லை.

வன்னி: காடும் குளமும்

ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்கையில் பனை குறைந்து காடு அடர்கிறது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்களைக் கொண்ட இக்காடு உலர் கலப்பு என்றும்பசுங்காடு என வகைப்படுத்தப்படும். எட்டு மாதம் வறண்டும் இலை முழுவதையும் உதிர்க்காத மரங்கள் இதில் மிகுதி. யானையும் கரடியும் உலவும் காடு இது; பாலைப்பழப் பருவத்தில் கரடிகள் மரமேறுவதை வன்னியார் அனைவரும் அறிவர்.

அடியிலுள்ள பாறை நீரைச் சேமிப்பதில்லை. சிதைந்த மேற்படையிலும் வெடிப்புகளிலும் தங்கும் சிறிதளவு நீரே நிலக்கீழ் நீர். பெய்யும் மழை கனகராயன் ஆறாக வடக்கேயும், பாலியாறு, பறங்கியாறு என மேற்கேயும், பேராறாகக் கிழக்கேயும் விரைந்து வடிந்துவிடும். ஆகவே நீரை நிலத்தின்மேல் நிறுத்தவேண்டிய தேவை எழுந்தது. நெடுங்கேணி, கனகராயன்குளம், புளியங்குளம், செட்டிகுளம், வவுனிக்குளம், அக்கராயன்குளம், இரணைமடு என ஊர்ப்பெயர்களில் குளமும் கேணியும் மடுவும் நிறைந்திருப்பதும், குடாநாட்டு நிலப்பெயர்களில் பிட்டி, கலட்டி, புலம், வெளி என்பன நிறைந்திருப்பதும் இந்நில வேறுபாட்டின் சொல்வடிவங்கள்.

குளம் என்பது கட்டும் நீரும் மட்டுமன்று. நீரேந்து காடு, அலைகரை, கட்டு, துருசு, மிகைநீர் வெளியேறும் வான், வாய்க்கால், வயல் ஆகியன சேர்ந்த ஓர் அமைப்பு அது. மேற்குளத்தின் வான் பாய்ந்த நீரும் அதன் வயல்களின் வடிநீரும் கீழ்க்குளத்தை அடைகின்றன. இவ்வாறு ஒரு நீரோடை நெடுகச் சிறுகுளங்கள் தொடராக அமையும்போது ஒரே மழைநீர் பலமுறை பயன்படுகிறது. குளத்து நீர் கசிந்து அயற்கிணறுகளின் மட்டத்தை உயர்த்துவதால், வன்னியில் கிணறும் குளத்தின் பிள்ளையே. தொடரில் ஒரு குளம் உடைந்தால் வெள்ளம் கீழ்க்குளத்தையும் உடைக்கும். ஒரு குளம் தூர்ந்தால் அதைச் சார்ந்த கிணறுகளும் வற்றும்.

போர்க்காலத்தில் ஊர்கள் இடம்பெயர்ந்தபோது கட்டுகள் பராமரிப்பிழந்தன. வயல்களிலும் அலைகரைகளிலும் காடு ஏறியது. போர் 2009 இல் முடிந்து மக்கள் மீண்டபோது, தம் பழைய வயல்கள் பல ஒதுக்குக்காட்டு எல்லைக்குள் அடங்கியிருப்பதைக் கண்டனர். வான்படத்தில் அது காடு. ஊரவர் நினைவில் அது குளமும் வயலும். இருபது முப்பது ஆண்டு வளர்ச்சியுடைய புதர்க்காட்டையும் முதிர்ந்த பாலை, வீரைக் காட்டையும் ஒரே பச்சை நிறத்தால் குறிக்கும் வரைபடம், மழையளவால் மட்டும் வகுத்த உலர் வலயப் படத்தின் அதே குறையை உடையது. கைவிடப்பட்ட குளங்களின் மேல் வளர்ந்த காடு வன்னிக்குப் புதிதன்று. பழங்காலத் தூர்ந்த குளங்கள் பலவும் காட்டினுள் கிடக்கின்றன. எனவே இங்குக் காடு, குளம் என்பவற்றை நிலையான இரு பிரிவுகளாகக் கொள்ளாமல், ஒன்றன் இடத்தை ஒன்று மாறிமாறிப் பற்றும் இரு நிலைகளாகக் கொள்வதே பொருத்தம்.

மன்னார்

மன்னார்த் தீவிலும் அதனை எதிர்நோக்கிய கரையிலும் ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றர் அளவிலேயே பெய்கிறது. இரு பருவக்காற்றுகளும் இங்கு வலுவாக வீசுகின்றன. குடை விரித்தாற்போன்ற உடை மரம், உகாய், விடத்தல் ஆகிய முட்புதர்த் தாவரங்கள் இந்நிலத்தின் அடையாளம். உடை மரம் மன்னார்க் கரையிலும் பாக்கு நீரிணையின் மறுகரையில் தமிழகத்தின் தென்கோடியிலும் காணப்படுவது, இவ்விரு கரைகளின் சூழல் ஒற்றுமைக்குச் சான்று. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகரால் வந்ததாகக் கருதப்படுகிறது. விடத்தல்தீவு என்னும் ஊர்ப்பெயர் விடத்தல் மரத்தை நினைவூட்டுவது. கண்டலும் கடற்புல்லும் செறிந்த அப்பகுதி 2016 இல் இயற்கை ஒதுக்ககமாயிற்று; அதன் ஒரு பகுதியை நீருயிர் வளர்ப்புக்காக விடுவிக்க 2024 இல் எடுக்கப்பட்ட முயற்சி நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது.

ஈழத்து நிலங்களை ஐந்திணைக்குள் அடக்க முனைவோர் குறிஞ்சியில்லாத இம்மாகாணத்தில் மன்னாரைப் பாலை எனக் கொள்வதுண்டு. இது ஏற்புடையதன்று. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. மன்னாரின் முட்காடோ திரிந்த நிலையன்று, தன் காற்றுக்கும் மழைக்கும் ஏற்ப நிலைபெற்ற சூழல். பாலை என்னும் பெயருடைய மரம் செழித்து நிற்பதும் மன்னார்க் கரையில் அன்று, வன்னியின் அடர்காட்டில்தான் என்பதையும் நோக்கலாம். மேலும் இதே மாவட்டத்தின் உட்பகுதியில், அருவியாற்றுநீரைத் தேக்கம் அணையிலிருந்து பெறும் கட்டுக்கரைக்குளம் பரந்த நெல்வயல்களை வளர்க்கிறது. முட்காட்டிலிருந்து மருதத்திற்குச் சில கிலோமீற்றரே தொலைவு.

வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மத்திய ஆசியப் பறப்புவழியின் தென்முனையில் அமைந்த இவ்வீரநிலங்களுக்கு மாரியில் பூநாரைகளும் எண்ணற்ற நீர்ப்பறவைகளும் வருகின்றன. அக்காற்றையே நாடி 2020 இல் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 சுழலிகள் கொண்ட தம்பபவனி காற்றாலை நிறுவப்பட்டது. புதைபடிவ எரிபொருளுக்கு மாற்றாக அதன் தேவை மறுக்கத்தக்கதன்று. பறவைகளின் வழியும், தாழ்ந்த மணல்தீவின் வெள்ளவடிகாலும் தடைப்படும் என்ற ஊரவரின் அச்சமே புதிய சுழலிகளுக்கான எதிர்ப்பாக வெளிப்பட்டுள்ளது.

இரணைமடு: இரு நிலங்களுக்கு இடையே ஒரு குளம்

மேற்கூறிய பிரிவுகள் ஒன்றையொன்று தொடாமல் இருப்பவை அல்ல. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடு மாகாணத்தின் மிகப்பெரிய குளம். கிளிநொச்சி நெல்வயல்களின் உயிர். குடாநாட்டுக் கிணறுகள் உவராலும் நைத்திரேற்றாலும் கெட்டுவந்த நிலையில், இக்குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் 2010களின் தொடக்கத்தில் முன்னெடுக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் அதை எதிர்த்தனர். காலபோகத்தின் பின் எஞ்சும் நீரே சிறுபோகத்தின் பரப்பைத் தீர்மானிப்பது. மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. ஊடகங்கள் இதனை இரு மாவட்ட மக்களின் பூசலாகவே பெரிதும் எழுதின. சூழலியல் நோக்கில் அது, தன் அடிநிலத்தில் நீரைத் தங்கவைக்கும் ஒரு நிலம், தங்கவைக்க இயலாத மற்றொரு நிலத்தின் மேற்பரப்பு நீரைக் கேட்ட நிகழ்வு. குடாநாட்டில் நீர் இல்லாமற் போகவில்லை. இருந்த நீர் குடிக்கத் தகுதியிழந்திருந்தது. பற்றாக்குறை எனும் ஒரே சொல் இவ்விரு நிலைகளையும் மூடிவிட்டது.

மாற்றாகக் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து குழாய்வழி செல்லும் நீர் வலிகாமத்துச் செம்மண் ஊர்களின் வீடுகளை அடைகிறது. பயன்படுத்தியபின் அது மீண்டும் அவ்வீடுகளின் மலக்குழிகள் வழியே அதே சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிறது. வீட்டுக்கு அப்பாலுள்ள தோட்டத்தில் வெங்காயத்திற்கு நீர் இறைப்பது இன்றும் அந்தச் சுண்ணக்கல்லிலிருந்துதான்.